மட்டக்குதிரைக்கு ஏறிய பாரம்

திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை நோக்கி வரும் நெடுஞ்சாலையில், பாலராமபுரத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஆறாலும்மூடு வருகிறது. 1978-இல் தொடங்கப்பட்ட கேரள அரசு நிறுவனமான கேரளா ஆட்டோமொபைல்ஸின் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. பல ஆண்டுகள் டீசலில் ஓடும் மூன்று சக்கர வண்டிகளைச் செய்துவந்த இந்த நிறுவனம், 2019-இல் ‘நீம் ஜி’ என்ற மின்சார ஆட்டோவைச் சாலையில் இறக்கியது. பொதுத்துறை நிறுவனம் ஒன்று தயாரித்த முதல் மின்சார ஆட்டோ என்ற பெருமையோடு அது வந்தது. விலை சுமார் ரூ. 2.8 லட்சம்.

அதே 2019 நவம்பரில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஃபோர்டு நிறுவனம் ‘மஸ்டாங் மாக்-ஈ’ என்ற மின்சார வாகனத்தை அறிமுகம் செய்தது. ஆரம்ப விலை 43,895 டாலர். அன்றைய மதிப்பில் 30 லட்ச ரூபாய்க்கு மேல். அமெரிக்க இளைஞர்கள் மூன்று தலைமுறையாகக் கனவு கண்ட ஒரு பெயர், பெட்ரோலை விட்டு பேட்டரிக்கு மாறிய நாள் அது.

ஆறாலும்மூட்டுக்கும் டெட்ராய்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? பணத்தில், வேகத்தில், விளம்பரத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் இரண்டு இடத்திலும் பொறியாளர்கள் முன் இருந்த கேள்வி ஒன்றுதான்: பேட்டரியின் எடையை என்ன செய்வது? இதற்கான பதிலில் நெய்யாற்றின்கரையின் கை ஓங்கியிருக்கிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனாலும் அந்தத் தொழிற்சாலை இன்று ஓங்கி நிற்கவில்லை. அதற்கான காரணம் வேறு.

குட்டி வளர்ந்த கதை

அமெரிக்கர்கள் ‘போனி கார்’ என்று அழைக்கும் கார்கள் ஒரு தனி இனம். போனி என்றால் மட்டக்குதிரை. நீண்ட முன்பகுதி, குட்டையான பின்பகுதி, இரண்டு கதவு, ஒப்புக்கு ஒரு பின் இருக்கை, இளைஞர் கைக்கு எட்டும் விலை. இந்த இனத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது ஃபோர்டு மஸ்டாங். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அது அறிமுகமானது. ஃபோர்டு பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த லீ ஐயகோக்காவின் திட்டம் எளிமையானது. ஃபால்கன் என்ற சிக்கனமான குடும்பக் காரின் அடிப்பாகத்தை எடுத்து, அதன் மேல் கவர்ச்சியான உடம்பைப் பொருத்தினார்கள். விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே 22,000 பேர் பதிவு செய்தார்கள். முதல் 12 மாதங்களில் விற்றவை 4 லட்சத்தைத் தாண்டின.

ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்த அந்த முதல் மஸ்டாங்கின் எடை சுமார் 1,100 கிலோ. அமெரிக்கக் கணக்கில் இது இறகு. ஆனால் எடை குறைவாக இருந்ததால் மட்டும் அது வளைவுகளில் சிறப்பாக ஓடிவிடவில்லை. பின்புறம் லாரியில் உள்ளது போல ஒரே அச்சும் பட்டை ஸ்பிரிங்கும். ஸ்டியரிங்கைப் பல சுற்று சுற்ற வேண்டும். நேர்சாலையில் சீறும் வண்டி, வளைவில் தயங்கியது.

அந்தத் தயக்கத்தைப் போக்கியவர் பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான கரோல் ஷெல்பி. 1965-இல் அவர் செய்த ஜிடி-350 மாடலின் ரகசியத்தில் பாதி, எஞ்சினுக்கு வெளியே இருந்தது. பின் இருக்கையைக் கழற்றினார். வண்டியைத் தாழ்த்தினார். தொடக்கத்தில் கட்டிய கார்களில் பேட்டரியை எஞ்சின் அறையிலிருந்து எடுத்துப் பின்னால் டிக்கியில் வைத்தார். முன்சக்கரங்களின் மேல் இருக்கும் பாரம் கொஞ்சம் பின்னால் போனால் ஸ்டியரிங் இலகுவாகும் என்பதுதான் காரணம். கையால் தூக்கி வைக்கக்கூடிய ஒரு பேட்டரியின் இடத்தை மாற்றினாலே வித்தியாசம் தெரிந்த காலம் அது.

போட்டியாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஷெவ்ரோலே கமாரோவும் பான்டியாக் ஃபயர்பேர்டும் 1967 மாடலாக வந்தன. டாட்ஜ் சாலஞ்சர் 1970 மாடலாக வந்தது. 5 லிட்டர் எஞ்சின் வரம்போடு நடந்த டிரான்ஸ்-ஆம் பந்தயத்துக்காகவே கமாரோ இசட்-28 போன்ற மாடல்கள் உருவாயின. அளவான எஞ்சினும் நல்ல சஸ்பென்ஷனும் சேர்ந்தால் போனி கார் வளைவிலும் ஓடும் என்பதை அவை நிரூபித்தன. ஆனால் ஷோரூமில் வாடிக்கையாளர் கேட்டது வேறு. பெரிய எஞ்சின், இன்னும் பெரிய எஞ்சின். 7 லிட்டர் எஞ்சின்களைச் சின்ன உடம்பில் திணித்தபோது பாரம் முழுவதும் மூக்கில் ஏறியது. எஞ்சினுக்காக உடம்பைப் பெரிதாக்கினார்கள். உடம்பு பெருத்ததும் எஞ்சின் போதவில்லை. 1971-இல் வந்த மஸ்டாங், 1964-இல் பிறந்த மஸ்டாங்கின் பெரியப்பா போல இருந்தது.

1973 அக்டோபரில் வந்த எண்ணெய் நெருக்கடி இந்தப் பெருமிதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஏற்கெனவே உடம்பைக் குறைத்துத் தயாராகியிருந்த 1974 மஸ்டாங், முதல் ஆண்டிலேயே 3.85 லட்சத்துக்கு மேல் விற்றது. ரசிகர்கள் இன்றும் அந்த மாடலைக் கேலி செய்கிறார்கள். வாங்கியவர்கள் கேலி செய்யவில்லை.

அதன் பிறகு எடை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. எல்லாவற்றையும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. மோதலைத் தாங்கும் கதவுச் சட்டங்கள், ஏர்பேக்குகள், பெரிய பிரேக்குகள் எல்லாம் உயிர் காப்பவை. 2015 மாடலில் மஸ்டாங்கின் எல்லா வகைகளுக்கும் பின்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன் வந்தது. வலது பக்க ஸ்டியரிங்கும் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. அதனால்தான் 2016-இல் இந்தியாவிலும் மஸ்டாங் விற்பனைக்கு வந்தது, சுமார் ரூ. 65 லட்சத்துக்கு. சென்னையை அடுத்த மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்த காலம் அது என்றாலும், மஸ்டாங் கப்பலில்தான் வந்திறங்கியது. இப்போதைய பெட்ரோல் மஸ்டாங்கின் எடை 1,600 கிலோவுக்கு மேல். முதல் மஸ்டாங்கைவிட அரை டன் அதிகம். ஆனாலும் வளைவில் அது முதல் மஸ்டாங்கை எளிதாகத் தோற்கடிக்கும். 50 ஆண்டு காலப் பொறியியல் அரை டன்னை ஈடுகட்டிவிட்டது.

அடுத்த ஒரு டன்னையும் அப்படி ஈடுகட்ட முடியுமா என்பதே இப்போதைய கேள்வி.

வளைவில் தெரியும் உண்மை

வைக்கோல் ஏற்றிய வண்டி வளைவில் ஏன் சாய்கிறது என்பதைக் கிராமத்தில் யாரும் இயற்பியல் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. பாரம் உயரத்தில் இருந்தால் வண்டி சாயும். பாரம் அதிகமாக இருந்தால் திரும்ப மறுக்கும். இந்த இரண்டும் வேறு வேறு விஷயங்கள். மின்சார கார்களின் விளம்பரங்கள் முதல் விஷயத்தை உரக்கச் சொல்லி இரண்டாவதை மறைக்கின்றன.

மின்சார காரின் பேட்டரி தரைக்கு அடியில் பலகை போலப் பரப்பி வைக்கப்படுகிறது. அதனால் புவியீர்ப்பு மையம் தாழ்கிறது. வண்டி அதிகம் சாய்வதில்லை. இது உண்மையான லாபம். ஆனால் ஒரு வண்டியை வளைவில் திருப்புவது டயர்கள் சாலையைப் பிடிக்கும் பிடிப்பு மட்டுமே. எடை இரட்டித்தால், அதே வேகத்தில் அதே வளைவில் திரும்ப இரு மடங்கு பிடிப்பு வேண்டும். டயர் அதைத் தருவதில்லை. பாரம் கூடக் கூட, ஒவ்வொரு கிலோவுக்கும் டயர் தரும் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். எனவே அகலமான டயர் போட வேண்டும். அகலமான டயருக்குக் கனமான சக்கரம், பெரிய பிரேக், வலுவான சட்டம். அவற்றின் எடையைச் சுமக்க இன்னும் கொஞ்சம் பேட்டரி. கடன் வாங்கி வட்டி கட்டுகிறவர் கணக்கு போல இது ஏறிக்கொண்டே போகும்.

பேட்டரி ஏன் இத்தனை கனம்? ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் சக்தி இருக்கிறது. ஒரு கிலோ கார் பேட்டரியில், அதன் பெட்டியையும் சேர்த்துப் பார்த்தால், கால் யூனிட்கூட இல்லை. பெட்ரோல் எஞ்சின் தன் சக்தியில் முக்கால் பங்கைச் சூடாக வெளியே விட்டுவிடுகிறது; மின்சார மோட்டார் பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குத் தருகிறது. அந்தச் சலுகையைக் கொடுத்த பிறகும் பேட்டரி வெகுவாகப் பின்தங்குகிறது. 60 லிட்டர் பெட்ரோலின் எடை 45 கிலோ. ஓட ஓட அது குறையும். 100 யூனிட் பேட்டரியின் எடை 600 கிலோவை நெருங்கும். காலியானாலும் ஒரு கிராம்கூடக் குறையாது.

ஏழு ஆட்டோ எடை

இந்தக் கணக்கை டெட்ராய்ட் எப்படிச் சமாளித்தது? மூன்று கம்பெனிகள், மூன்று வழிகள்.

ஃபோர்டு, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டியை மாற்றியது. மாக்-ஈ நான்கு கதவும் உயர்ந்த கூரையும் கொண்ட குடும்ப வாகனம். எடை சுமார் 2,000 கிலோவில் தொடங்கி 2,260 கிலோ வரை போகிறது. 2024-இல் அமெரிக்காவில் மாக்-ஈ 51,745 விற்றது. பெட்ரோல் மஸ்டாங் 44,003. வியாபாரமாகப் பார்த்தால் ஃபோர்டின் முடிவு தவறில்லை. ஆனால் அது போனி காரின் வெற்றி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெயர்ப்பலகை அப்படியே இருக்க, உள்ளே வேறு கடை நடக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் மௌனமாக விலகியது. 2016 மாடல் கமாரோவில் 90 கிலோவுக்கு மேல் எடையைக் குறைத்துக் காட்டி, வளைவுகளில் மிகச் சிறந்த போனி கார் என்று பெயர் வாங்கிய நிறுவனம் இது. அந்த கமாரோவும் அதிகம் விற்கவில்லை. 2024 மாடலோடு தயாரிப்பு முடிந்தது. மின்சார வாரிசு யாரும் இல்லை.

டாட்ஜ் மட்டுமே நேருக்கு நேர் மோதியது. சாலஞ்சர் தயாரிப்பை 2023 டிசம்பரில் நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் சார்ஜர் டேடோனா என்ற மின்சார காரை நிறுத்தியது. 100 யூனிட் பேட்டரி. எஞ்சின் சத்தம் இல்லாத குறை தெரியக் கூடாது என்று, 126 டெசிபல் வரை உறுமும் செயற்கை ஒலிக்கருவி. எடை 2,648 கிலோ. முதல் மஸ்டாங் இரண்டை ஒன்றாகத் தராசில் ஏற்றினாலும் இதற்கு ஈடாகாது. நேர்சாலையில் அது அம்பு போலப் பாய்கிறது. வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதிக்கும்போது இயற்பியல் தன் பாக்கியைக் கேட்கிறது. 2025-இல் டாட்ஜ் அதே உடம்பில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை வைத்து விற்க ஆரம்பித்துவிட்டது.

2025 செப்டம்பர் 30-உடன் மின்சார கார் வாங்குவோருக்கு அமெரிக்க அரசு தந்துவந்த 7,500 டாலர் வரிச்சலுகையும் முடிந்தது. அந்த டிசம்பரில் ஃபோர்டு தன் மின்சார வாகனத் திட்டங்களைச் சுருக்கி, 1,950 கோடி டாலரைச் செலவாக எழுதப்போவதாக அறிவித்தது. அரசியல் மாறியதுதான் காரணம் என்கிறார்கள். அது பாதிக் காரணம். சலுகை இருந்தபோதும் இரண்டரை டன் மட்டக்குதிரைக்கு வரிசை நிற்கவில்லை.

மூன்று கால் கணக்கு

இப்போது நெய்யாற்றின்கரை தாலுகாவுக்கு வருவோம். பூவாறு செல்லும் பாதையை ஒட்டிய திருப்புறம், அதைத் தாண்டித் தெற்கே பாறசாலை, அதற்கப்பால் தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளை. 1956-இல் எல்லைக்கோடு விழுந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலும் அடுத்த விளவங்கோடு தமிழ்நாட்டிலும் சேர்ந்தன. கோடு பிரித்தாலும் கல்யாணமும் சந்தையும் ஆஸ்பத்திரியும் இரு பக்கத்தையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. மேடும் பள்ளமுமான செம்மண் பூமி. வீடுகள் தெருவாக இல்லாமல் தோட்டங்களுக்குள் தள்ளித் தள்ளி இருக்கும். பஸ் பெரிய சாலையோடு நின்றுவிடும். மிச்சத் தூரத்துக்கு ஆட்டோதான்.

இந்த ஆட்டோவின் எடைக் கணக்கைப் பார்த்தால் டெட்ராய்ட் பொறாமைப்படும். பரவலாக விற்கும் மின்சார ஆட்டோக்களில் ஒன்றான மகிந்திரா ட்ரியோவின் எடை 377 கிலோ. பேட்டரி 7.37 யூனிட். ஒரு சார்ஜர் டேடோனாவின் எடையில் ஏழு ஆட்டோ செய்யலாம். அதன் பேட்டரியில் 13 ஆட்டோக்களை ஓட்டலாம். ஆட்டோவின் பேட்டரி எடை ஏறக்குறைய ஒரு பயணியின் எடைதான். அதை ஏற்றியபோது எஞ்சினும் கியர் பெட்டியும் பெட்ரோல் டாங்கும் இறங்கிவிடுகின்றன. காருக்குக் குருவி தலையில் பனங்காயாக வந்த பேட்டரி, ஆட்டோவுக்குக் கூடுதல் சுமையாகவே வரவில்லை.

மேடு ஏறுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவரும் மூன்று பயணிகளும் உட்கார்ந்த ஆட்டோ சுமார் 640 கிலோ. அது 50 மீட்டர் உயரம் ஏற, உராய்வைக் கழித்துப் பார்த்தால், ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். டேடோனா ஒரே ஒரு ஆளோடு அதே மேட்டை ஏற அதைப் போல நான்கு மடங்கு வேண்டும். இறக்கத்தில் இருவருக்கும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஆனால் நான்கு பேரைச் சுமந்த வண்டிக்குக் கிடைப்பதும் ஒருவரைச் சுமந்த வண்டிக்குக் கிடைப்பதும் ஒரே பயன் ஆகாது.

வளைவு விஷயத்தில் ஆட்டோவுக்குப் பெருமை பேச இடம் குறைவு. முக்காலி ஆடாது, ஆனால் அதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் கவிழ்க்கும். மூன்று சக்கர வண்டியின் நிலையும் அதுதான். அது நிற்கும் இடம் ஒரு முக்கோணம். முன்னால் குறுகல், பின்னால் அகலம். பாரம் பின்னாலும் தாழ்வாகவும் இருக்கும்வரை கவலையில்லை. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தால் பாரம் முன்னே தள்ளப்படும்; முக்கோணத்தின் குறுகிய முனைக்கு அது வரும்போதுதான் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். டிரைவர் இருக்கையில் இருபக்கமும் ஆள் ஏற்றும் பழக்கம் இந்தக் காரணத்தால்தான் ஆபத்தானது.

மின்சாரம் இங்கே நிஜமாகவே உதவுகிறது. பேட்டரியைத் தாழ்வாக வைப்பதால் முக்காலி உறுதிப்படுகிறது. பல மாடல்களில் ஆக்சிலேட்டரை விட்டதுமே மோட்டார் பின்சக்கரங்களைப் பிடித்து வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. வளைவுக்கு முன்பே வேகம் குறைகிறது. பிரேக் கட்டையும் மிச்சம். ஷெல்பி 1965-இல் பேட்டரியைப் பின்னால் தள்ளிச் செய்த அதே வேலைதான். இங்கே யாரும் அதற்குப் பந்தயப் பெயர் வைக்கவில்லை.

ஒப்பீட்டில் ஒரு நியாயமும் பார்க்க வேண்டும். ஆட்டோ மணிக்கு 50, 55 கிலோமீட்டரைத் தாண்டாது. கதவு இல்லை, ஏர்பேக் இல்லை. நெடுஞ்சாலையில் லாரி இடித்தால் அந்த 377 கிலோ யாரையும் காப்பாற்றாது. எடை குறைந்த வண்டி, வேகம் குறைந்த சாலைக்கே பொருந்தும். திருப்புறத்தின் உட்பாதைகள் அப்படிப்பட்டவை. நெடுஞ்சாலை அப்படிப்பட்டதல்ல.

ஸ்டாண்டில் நிற்கும் கேள்வி

ஆட்டோ ஓட்டுபவருக்கு எடை, முக்கோணம் எதுவும் முக்கியமில்லை. மாலையில் கையில் நிற்கும் காசுதான் கணக்கு. நீம் ஜி வந்தபோது நிறுவனம் சொன்ன விவரங்கள்: ஒரு சார்ஜில் 100 கிலோமீட்டர், சார்ஜ் ஏற 3 மணி 55 நிமிடம், கிலோமீட்டருக்கு 50 பைசா செலவு. கடைசிக் கணக்கு மிகை என்று சொல்ல முடியாது. 100 கிலோமீட்டருக்கு 7 யூனிட், யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் சரியாக அங்கேதான் வந்து நிற்கிறது. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஆட்டோவில், லிட்டர் 107 ரூபாய் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓடுபவருக்கு மிச்சம் சுமார் 245 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 6,000 ரூபாய்க்கு மேல். எல்லையோரத்தில் ஒரு குடும்பத்துக்கு அது பள்ளிக் கட்டணம் அல்லது சிட்டித் தவணை.

இன்னொரு சலுகையும் உண்டு. 2018 அக்டோபரில் மத்திய அரசு, பேட்டரியில் ஓடும் வாகனங்களுக்குப் பர்மிட் தேவையில்லை என்று அறிவித்தது. மாவட்டப் பர்மிட், மாநிலப் பர்மிட் என்று கட்டுப்பட்ட தொழிலில், அதுவும் இரு மாநிலம் சந்திக்கும் இடத்தில், இது சின்ன விஷயமல்ல. கேரள மின்வாரியம் மின்கம்பங்களிலேயே சார்ஜர் பொருத்தும் திட்டத்தை 2021-இல் கோழிக்கோட்டில் சோதித்துப் பார்த்து, பிறகு மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்களுக்கு விரித்தது. கார்களுக்கு அது போதாது. ஆட்டோவின் சின்னப் பேட்டரிக்குப் போதும்.

இத்தனை இருந்தும் 2019-இல் கேரளம் அறிவித்த மின்வாகனக் கொள்கை, 2022-க்குள் 10 லட்சம் மின்வாகனங்கள் என்ற இலக்கின் அருகில்கூடப் போகவில்லை. நீம் ஜியும் ஸ்டாண்டுகளை நிரப்பவில்லை. 2020-இல் 25 வண்டிகள் நேபாளத்துக்குப் போயின, செய்தி வந்தது. அதன் பின் வந்த ஆண்டுகளில் நிறுவனத்தைப் பற்றிய செய்திகளில் நடைமுறை மூலதனத் தட்டுப்பாடும் சம்பளத் தாமதமும்தான் அதிகம் அடிபட்டன.

சந்தை இல்லை என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2023-இல் சீனாவைப் பின்னுக்குத் தள்ளி உலகின் மிகப் பெரிய மின்சார மூன்று சக்கர வாகனச் சந்தையானது இந்தியா. அந்த ஆண்டில் விற்றவை 5.8 லட்சத்துக்கு மேல். மகிந்திராவும் பியாஜியோவும் பஜாஜும் அந்தச் சந்தையில் புகுந்து விளையாடுகின்றன. அவர்களிடம் இருக்கும் மோட்டாரும் பேட்டரியும் ஆறாலும்மூட்டுக்கு எட்டாத ரகசியம் இல்லை. ஊருக்கு ஊர் டீலர், அவரிடம் மெக்கானிக், அலமாரியில் ஸ்பேர் பார்ட்ஸ், வங்கியோடு கடன் ஏற்பாடு. வித்தியாசம் அங்கேதான். வண்டி நான்கு நாள் ஒர்க்ஷாப்பில் நின்றால், ஆட்டோக்காரர் மின்சாரத்தில் மிச்சம் பிடித்தது தினப்பாட்டில் கரைந்துவிடும். அரசு நிறுவனம் என்ற அபிமானம் தவணை கட்டாது.

கேரளத்துக்கு இது புதிய பாடமும் அல்ல. 1993-இல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ‘லவ்பேர்ட்’ என்ற இரண்டு இருக்கை மின்சார கார் அறிமுகமானது. சாலக்குடியைச் சேர்ந்த எடி நிறுவனம், ஜப்பானின் யாஸ்கவா நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு, சாலக்குடியிலும் கோவையிலும் அதைத் தயாரித்தது. ஈயப் பேட்டரி, ஒரு சார்ஜில் 60 கிலோமீட்டர். சின்ன வண்டி, சின்ன தூரம் என்ற யோசனை சரியானது. ஆனால் ஈயப் பேட்டரி அந்தச் சின்ன வண்டிக்கும் கனம். செங்குத்தான மேடுகளில் அது திணறியது. விற்பனை நூறைக்கூட எட்டவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2001-இல், பெங்களூரின் ரேவா அதே யோசனையோடு வந்து லண்டன் வரை போனது. ஆனால் இந்தியாவில் அதுவும் வீட்டுக்கு வீடு நுழையவில்லை.

நீம் ஜி போய்ச் சேர்ந்த நேபாளத்தில் கதை வேறு. காத்மாண்டுவில் ‘சஃபா டெம்போ’ என்ற மின்சார மூன்று சக்கர வண்டிகள் 1990-களின் நடுவிலிருந்து ஓடுகின்றன. ஈயப் பேட்டரி, சுமாரான வேகம், பளபளப்பு ஏதுமில்லை. ஆனால் பேட்டரியைக் கழற்றி மாற்றித் தரும் சார்ஜிங் நிலையங்களை வண்டிகளோடு சேர்த்தே அமைத்தார்கள். ஓட்டுவதற்குப் பெண்கள் ஏராளமாக முன்வந்தார்கள். 1999-இல் டீசல் டெம்போக்களை நகரத்திலிருந்து அரசு வெளியேற்றியது. வண்டி, நிலையம், சட்டம் மூன்றும் ஒன்றாக வந்ததால் அது நிலைத்தது. முக்காலிக்கு மூன்று காலும் வேண்டும்.

ஆறாலும்மூட்டில் இன்று இருப்பது ஒரு கால். தொழிலாளர்களுக்கு வேலை தெரியும்; விண்வெளித் துறைக்கே உதிரிபாகம் செய்து கொடுத்த தொழிற்சாலை அது. புதிய மாடல் அறிவிப்புகளைவிட அதற்கு இப்போது அவசியம், ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்குப் பாறசாலையிலும் பூவாற்றிலும் நெய்யாற்றின்கரையிலும் ஒரே நாளில் பழுது பார்த்துத் தரும் ஏற்பாடு. பஞ்சாயத்துகளின் குப்பை வண்டி, சுகாதார நிலையத்தின் மருந்து வண்டி, பள்ளி வண்டி என்று அரசே வாங்கக்கூடிய ஆர்டர்கள் இந்தத் தாலுகாவிலேயே இருக்கின்றன. நாளுக்கு 60, 80 கிலோமீட்டர் ஓடி இரவில் ஒரே இடத்தில் நிற்கும் இந்த வண்டிகளுக்குச் சின்னப் பேட்டரி போதும். பெரிய கம்பெனிகளோடு நாடு முழுக்கப் போட்டி போட வேண்டியதில்லை; 30 கிலோமீட்டர் சுற்றளவில் நம்பிக்கை சம்பாதித்தால் தொழிற்சாலைக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு வேலை கிடைக்கும்.

டெட்ராய்ட்டின் சிக்கல் கடினமானது. பேட்டரியின் ஒவ்வொரு கிலோவிலும் இன்னும் பல மடங்கு சக்தியை அடைக்கும் வேதியியல் கைகூடும்வரை, மட்டக்குதிரை மின்சாரத்தில் மட்டக்குதிரையாக ஓடாது. நெய்யாற்றின்கரை எந்த விஞ்ஞானிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. எடைக் கணக்கு ஏற்கெனவே அதன் பக்கம் இருக்கிறது. பாக்கி இருப்பது ஸ்பேர் பார்ட்ஸ் கணக்கு.